ழான் கபேன்

ழான் கபேன் (மே 17, 1904 – நவம்பர் 15, 1976) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ஆவார். இவரது இயற்பெயர் ழான் அலெக்சி மோன்கோர்ழே என்பதாகும். 1930 முதல் 1976 வரையான காலப்பகுதியில் இவர் ஏறத்தாழ 95 திரைப்படங்களில் நடித்துள்ளார். 1930களின் பிற்பகுதியில் பிரெஞ்சுத் திரைப்படத்துறையில் சிறப்புற்று விளங்கிய கவித்துவ யதார்த்தவாதம் என்னும் பாணியோடு இவரது பெயர் பிரிக்க முடியாதவாறு இணைந்துள்ளது. துறைமுகத்தை அடைந்தும் கப்பலேற முடியாமல் மடியும் மனிதனின் வேடம் இவருக்குப் பெரும்புகழைத் தேடித் தந்தது. எனினும், 1941 இல் கடல் கடந்து தப்பிச் சென்ற கபேன், இரண்டு ஆண்டுகளின் பின்னர்த் தாமாகவே முன்வந்து படையில் சேர்ந்து நாடு திரும்பினார். அவர் திரும்பி வந்தபோது, அவருக்குப் புகழ் சேர்த்த பாணி முடிவுறும் நிலையில் இருந்தது.

பிறப்பும் இளமையும்

கபேன் 1904 ஆம் ஆண்டு மே 17 ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். இவரது தந்தை பெர்டினாந்து மோன்கோர்ழே, ழோசப் கபேன் என்னும் மேடைப் பெயரில் இசை அரங்குகளில் பாடி நடித்து வந்தார். தாயார் எலேன் பெத்தியும் மேடைக் கலைஞரே. ஏழு பிள்ளைகளுள் கபேன் கடைசியாகப் பிறந்தவர். பாரிசுக்கு வடக்கே உள்ள மெரியேல் என்னும் சிற்றூரில் இவர் வளர்ந்தார். அவ்வூர் வழியே தொடருந்துப் பாதை சென்றது. தொடருந்து ஓட்டுநராக வேண்டும் என்பதே சிறுவன் கபேனின் கனவாக இருந்தது. வயல்வெளிகளின் மீதும் கால்நடைகளின் மீதும் இவருக்கு ஏற்பட்ட பற்றும் அக்காலத்திலேயே தோன்றியதாகும்.

1918 இல் தாயார் காலமானார். படிப்பில் நாட்டமில்லாத கபேன், இளவயதிலேயே பள்ளியை விட்டு விலகிக் கூலித் தொழிலாளியாகச் சில வேலைகளைச் செய்தார். பின்னாளில் திரையில் தொழிலாளி வேடங்களில் தோன்றியபோது, கருவிகளைக் கையாளும் விதத்திலும் உடை அணியும் விதத்திலும் இவரிடம் செயற்கைத்தன்மை காணப்படாமைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

மேடை வாழ்க்கை

மகனை மேடைக்குக் கொண்டுவர விரும்பிய தந்தை, பாரிசின் புகழ்பெற்ற கேளிக்கை அரங்கான ஃபோலி பெர்ழேரில் அவருக்கு ஒரு சிறு வேலையைப் பெற்றுக் கொடுத்தார். 1920களின் தொடக்கத்தில் அங்கு துணை நடிகராகத் தோன்றிய கபேன், பின்னர் கட்டாயப் படைச்சேவைக்காகக் கடற்படையில் பணியாற்றினார். திரும்பி வந்ததும் தந்தையின் மேடைப் பெயரையே தமது பெயராக வரித்துக்கொண்டார். 1928 இல் மூலான் ரூஜ் அரங்கில் அக்காலத்தின் முன்னணிப் பாடகியான மிஸ்டெங்கெட்டுடன் இணைந்து நடித்தமை இவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. பாடல், ஆடல், நகைச்சுவை ஆகிய மூன்றிலும் இவர் பயிற்சி பெற்றது இக்காலத்திலேயாகும்.

திரைப்படத்துறையில் நுழைவு

பேசும்படம் பரவத் தொடங்கிய காலத்தில், வசனமும் பாட்டும் அறிந்த நடிகர்களுக்குத் தேவை மிகுந்திருந்தது. 1930 இல் வெளியான ஷகேன் சா ஷான்ஸ் என்னும் படத்தின் மூலம் கபேன் திரையுலகில் நுழைந்தார். அடுத்த நான்கு ஆண்டுகளில் பெரும்பாலும் இலகுவான கதைகளிலேயே நடித்தார்.

இயக்குநர் ஜூலியன் துவிவியே இவரிடம் வேறொரு ஆற்றலைக் கண்டார். கனடாவைக் களமாகக் கொண்ட மாரியா ஷாப்தலேன் (1934) படத்தில் இவருக்கு வாய்ப்பளித்த துவிவியே, அடுத்து லா பாண்டேரா (1935) படத்தில் முதன்மை வேடம் வழங்கினார். பாரிசில் கொலை செய்துவிட்டுத் தப்பியோடி, மொரோக்கோவில் ஸ்பானிய அயல்நாட்டுப் படையில் சேர்ந்து, இறுதியில் அங்கேயே மடியும் ஒருவனின் கதை இது. பழியிலிருந்து தப்ப முயன்றும் தப்ப இயலாத மனிதன் என்னும் பாத்திரவகை கபேனுக்கு இப்படத்திலிருந்தே தொடங்குகிறது.

கவித்துவ யதார்த்தவாதம்

கவித்துவ யதார்த்தவாதம் என்பது ஒழுங்கமைக்கப்பட்ட இயக்கமன்று. இதற்குக் கொள்கை அறிக்கை எதுவும் இருக்கவில்லை. இலக்கியத் திறனாய்வில் வழங்கிவந்த இச்சொற்றொடர், பியேர் ஷெனால் இயக்கிய லா ரூ சான் நோம் (1934) என்னும் படத்தையொட்டித் திரைப்படத்துக்கும் வழங்கப்பட்டது. பின்னர் மார்செல் கார்னே, துவிவியே, ழான் ரெனுவார், ழான் கிரெமியோன் முதலியோரின் சில படங்களுக்குப் பொதுப் பெயராக நிலைத்தது. ழான் விகோவின் லாத்தலாந்து (1934) படமும் இதன் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இப்பாணியின் பொதுவான இயல்புகள் பின்வருமாறு:

* கதைமாந்தர் தொழிலாளர், படையிலிருந்து ஓடியோர், குற்றவாளிகள் முதலிய விளிம்புநிலை மனிதராக இருப்பர்.
* துறைமுகம், புறநகர்த் தெரு, மலிவான விடுதி, மதுக்கடை ஆகியவை கதைக்களங்களாக அமையும்.
* இடங்கள் மெய்யானவை போலத் தோன்றினும், அவற்றுள் பெரும்பாலானவை படப்பிடிப்பு நிலையங்களில் கட்டப்பட்டவையே. மூடுபனி, ஈரமான கல் பாவிய தெரு, தெருவிளக்கின் மங்கிய ஒளி ஆகியவை கதைமாந்தரின் மனநிலையை உணர்த்தும்.
* காதல் ஒரு குறுகிய காலத்துக்கு விடுதலையின் நம்பிக்கையைத் தரும். பின்னர் அந்நம்பிக்கை அழியும்.

இப்படங்களில் முடிவு தொடக்கத்திலேயே உணர்த்தப்பட்டுவிடுகிறது. தமிழில் ஊழ் என்று வழங்கும் கருத்துக்கு இது நெருங்கியதாகத் தோன்றலாம். ஆயினும் இங்கு ஊழ் என்பது முற்பிறப்பின் வினைப்பயன் அன்று. வறுமை, கடந்தகாலக் குற்றம், பிறந்த வகுப்பு, தீயோருடனான தொடர்பு ஆகியவையே ஊழாக நின்று மனிதனை வீழ்த்துகின்றன. அவன் நல்லவனாக இருப்பது அவனைக் காப்பாற்றுவதில்லை.

1936 – 1939 காலப் படங்கள்

லா பெல் எக்கீப்

1936 இல் பிரான்சில் இடதுசாரிக் கட்சிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. தொழிலாளருக்கு ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையும், வாரத்துக்கு 40 மணிநேர வேலையும் சட்டமாயின. துவிவியேயின் லா பெல் எக்கீப் அவ்வாண்டிலேயே வெளியானது. வேலையற்ற ஐந்து நண்பர்கள் பரிசுச்சீட்டில் வென்ற பணத்தைக் கொண்டு மார்ன் ஆற்றங்கரையில் ஓர் உணவகம் அமைக்கின்றனர். ஒவ்வொருவராகப் பிரிந்து, இறுதியில் இருவர் மட்டுமே எஞ்சுகின்றனர். அவ்விருவருள் ஒருவன் மற்றவனைக் கொல்வதாக முடிவு அமைக்கப்பட்டிருந்தது. பார்வையாளர் அதனை விரும்பாமையால், நட்பு வெல்வதாக வேறொரு முடிவும் படமாக்கப்பட்டது. ஒரே படத்துக்கு இரண்டு முடிவுகள் இருந்தமை, அக்கால மக்களின் நம்பிக்கையும் ஐயமும் அருகருகே நின்றதைக் காட்டுவதாகக் கருதலாம்.

பெப்பே ல மோக்கோ

துவிவியே இயக்கி 1937 இல் வெளியான இப்படத்தில், அல்ஜியர்ஸ் நகரின் கஸ்பா பகுதியில் ஒளிந்து வாழும் திருடர் தலைவனாகக் கபேன் நடித்தார். கஸ்பாவின் பெரும்பகுதி பாரிசுக்கு அண்மையிலுள்ள ழோன்வில் படப்பிடிப்பு நிலையத்தில் கட்டப்பட்டது. கஸ்பாவின் குறுகிய சந்துகளில் இருக்கும்வரை பெப்பேயைக் காவல்துறையினரால் பிடிக்க முடியாது. ஆனால் அவனால் வெளியேறவும் முடியாது. அவனுக்கு அரணாக இருக்கும் இடமே சிறையாகவும் உள்ளது. பாரிசிலிருந்து வந்த ஒரு பெண்ணின் மீது கொண்ட காதலால் அவன் துறைமுகம்வரை செல்கிறான்; அங்கு கைதாகிறான். கப்பல் புறப்படுகையில் கம்பிக் கதவின் பின்னே நின்று அவளை அழைக்கிறான். கப்பலின் சங்கொலியில் அவன் குரல் அமிழ்ந்துவிடுகிறது. அவன் கத்தியால் தன்னைத்தானே குத்திக்கொண்டு இறக்கிறான். 1938 இல் இப்படம் ஹாலிவுட்டில் அல்ஜியர்ஸ் என்னும் பெயரில் மீண்டும் எடுக்கப்பட்டது.

லா கிராண்ட் இலூசியோன்

ரெனுவார் இயக்கிய இப்படமும் 1937 இல் வெளியானது. பெரும் மாயை என்பது இதன் தலைப்பின் பொருள். முதலாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட பிரெஞ்சுப் படையினரைப் பற்றியது. சாதாரணக் குடும்பத்தில் பிறந்து படை அதிகாரியான மரேஷல் என்னும் வேடத்தில் கபேன் நடித்தார். அதற்கெனப் போர்க்காலத்தில் வானூர்தி ஓட்டிய ரெனுவாரின் சொந்தச் சீருடையையே அணிந்தார். இக்காலப் படங்களுள் கபேன் தப்பிப் பிழைக்கும் கதைகளில் இது முதன்மையானது. மரேஷலும் அவனது யூதத் தோழனும் பனி மூடிய எல்லையைக் கடந்து சுவிட்சர்லாந்தை அடைகின்றனர்.

ல கே தே புரூம்

மூடுபனித் துறை என்னும் பொருள்படும் இப்படத்தை 1938 இல் மார்செல் கார்னே இயக்கினார். பியேர் மாக் ஓர்லானின் புதினத்தைக் கவிஞர் ழாக் பிரெவேர் திரைக்கு ஏற்ப மாற்றி எழுதினார். புதினத்தின் களமான பாரிசின் மோன்மார்த்துருப் பகுதி, படத்தில் லே ஆவ்ர் துறைமுகமாக மாற்றப்பட்டது. படையை விட்டு ஓடிவந்த ஒருவன், இரவில் மூடுபனியினூடே அத்துறைமுகத்தை அடைகிறான். தெருநாய் ஒன்று அவனைப் பின்தொடர்கிறது. அவன் நெல்லி என்னும் இளம்பெண்ணைச் சந்திக்கிறான். வெனிசுவேலாவுக்குச் செல்லும் கப்பலில் இடமும் கிடைக்கிறது. ஆனால் நெல்லியை இறுதியாக ஒருமுறை காணத் திரும்பும்போது, அவளது கொடிய காப்பாளனைக் கொல்ல நேர்ந்து, பின் தெருவில் சுடப்பட்டு இறக்கிறான். கப்பல் அவனின்றிப் புறப்படுகிறது.

நெல்லியாக மிஷேல் மோர்கன் நடித்தார். படப்பிடிப்பின்போது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. அவரது கண்களைக் கபேன் வியந்து பேசும் காட்சி பிரெஞ்சு மக்களிடையே இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. படையை விட்டு ஓடுவோரைப் பற்றிய கதை என்பதால் அதிகாரிகள் தயக்கம் காட்டினர். ஓடியவன் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலும், கழற்றிய சீருடையை வீசியெறியாமல் மடித்து வைப்பதாகவும் காட்சி எடுக்க நேர்ந்தது.

லா பேத் யூமேன்

எமில் சோலா 1890 இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி ரெனுவார் 1938 இல் இயக்கிய படம் இது. பாரிசுக்கும் லே ஆவ்ருக்கும் இடையே ஓடும் தொடருந்தின் ஓட்டுநரான லாந்தியே வேடத்தைக் கபேன் ஏற்றார். தொடருந்து ஓட்டுநர்களிடம் பயிற்சி பெற்று, நீராவிப் பொறியைத் தாமே இயக்கினார். மெரியேலில் சிறுவனாகக் கண்ட கனவு இவ்வாறு நிறைவேறியது. மரபுவழி வந்த கொலைவெறியால் அலைக்கழிக்கப்படும் லாந்தியே, இறுதியில் ஓடும் தொடருந்திலிருந்து குதித்து உயிர் துறக்கிறான்.

ல ஜூர் ச லேவ்

பொழுது விடிகிறது என்னும் பொருள்படும் இப்படம், கார்னே – பிரெவேர் இணையின் ஆக்கமாக 1939 சூன் மாதத்தில் வெளியானது. கபேன் இதில் பிரான்சுவா என்னும் தொழிலாளியாக நடித்தார். ஒருவனைச் சுட்டுக் கொன்ற பிரான்சுவா, உயரமான கட்டடம் ஒன்றின் மேல்மாடி அறையில் தன்னைப் பூட்டிக்கொள்கிறான். காவல்துறை சூழ்ந்து நிற்கிறது. இரவு முழுவதும் அவன் பழைய நிகழ்வுகளை நினைவுகூர்வதாகக் கதை விரிகிறது. கீழே கூடிநிற்கும் அயலவர் அவனை இறங்கி வருமாறு வேண்டுகின்றனர். அவன் வருவதில்லை. விடியும் வேளையில் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். அதன்பின், வேலைக்கு எழுவதற்காக வைத்த கடிகாரம் அவ்வறையில் ஒலிக்கிறது.

ஒரே அறையில் அடைபட்ட மனிதனை மையமாக வைத்து, காலத்தில் முன்னும் பின்னும் சென்று கதை சொன்ன முறை அன்று புதுமையானது. 1952 இல் பிரித்தானிய இதழான சைட் அண்டு சவுண்டு நடத்திய வாக்கெடுப்பில், உலகின் மிகச்சிறந்த பத்துப் படங்களின் வரிசையில் இதுவும் இடம்பெற்றது.

நடிப்பு முறை

கபேன் உரத்த குரலிலோ மிகையான அசைவுகளுடனோ நடிப்பதில்லை. பெரும்பாலான காட்சிகளில் அமைதியாக, குறைவாகப் பேசி, முகத்தில் பெரிய மாற்றமின்றித் தோன்றுவார். படத்தில் ஒருமுறை மட்டும் அவ்வமைதி உடைந்து பெருஞ்சினம் வெளிப்படும். அச்சினமே பெரும்பாலும் பாத்திரத்தின் அழிவுக்கு வழிவகுக்கும். ல ஜூர் ச லேவ் படத்தில் சாளரத்தில் நின்று கூட்டத்தினரை நோக்கிக் கத்தும் காட்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

திறனாய்வாளர் ஆந்திரே பசேன் இதனை ஆராய்ந்து, கபேனின் பாத்திரத்தைப் பண்டைய கிரேக்க அவலநாடகத்தின் ஈடிப்பசு மன்னனுடன் ஒப்பிட்டுள்ளார். மன்னர்களுக்கே உரியதாக இருந்த அவலநாயகத் தகுதியை, தொப்பியணிந்த சாதாரணத் தொழிலாளிக்குக் கபேன் பெற்றுத் தந்தார் என்பது இவ்வொப்பீட்டின் சாரமாகும். கபேனின் ஒப்பந்தங்களில், இறுதியில் அவர் இறக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாகக் கூட ஒரு வேடிக்கைக் கதை பரவியிருந்தது.

இப்பாணியை உருவாக்கியோர்

இப்படங்களின் சிறப்பு கபேனையும் இயக்குநர்களையும் மட்டும் சார்ந்ததன்று. கார்னேயின் இரு படங்களுக்கும் அரங்கம் அமைத்த அலெக்சாந்தர் துரோனே ஹங்கேரியில் பிறந்தவர். ல கே தே புரூமின் ஒளிப்பதிவாளர் ஓய்கன் சுஃப்டானும், ல ஜூர் ச லேவ், லா பேத் யூமேன் ஆகியவற்றின் ஒளிப்பதிவில் முதன்மைப் பங்காற்றிய கூர்ட் கூராண்டும், நாசி ஆட்சி ஏற்பட்டபின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்கள். ஒளியையும் நிழலையும் கொண்டு மனநிலையைக் காட்டும் ஜெர்மானிய முறை இவர்களுடன் பிரான்சுக்கு வந்தது. தப்பிச்செல்லக் கப்பல் தேடும் மனிதரின் கதைகளை உருவாக்கியவர்களில் பலர், தாமும் அவ்வாறு நாடு விட்டு வந்தவர்களாக இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. கார்னேயின் இவ்விரு படங்களுக்கும் இசையமைத்த மோரிஸ் ஜோபேர் 1940 சூன் மாதத்தில் போர்முனையில் உயிரிழந்தார்.

போரும் தடையும்

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது, கபேன் பிரெஸ்ட் துறைமுகத்தில் கிரெமியோனின் ரெமோர்க் படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்பு தடைப்பட்டது. கபேன் கடற்படைக்கு அழைக்கப்பட்டார். இடையிடையே தொடரப்பட்ட இப்படம் 1941 இலேயே வெளியானது.

மக்களின் மனவுறுதியைக் குலைப்பவை எனக் கூறி ல கே தே புரூம், ல ஜூர் ச லேவ் ஆகிய படங்கள் தடைசெய்யப்பட்டன. 1940 இல் பிரான்ஸ் தோல்வியடைந்தபின், விஷி அரசின் ஆதரவாளர்கள் சிலர் தோல்விக்கான காரணங்களுள் இத்தகைய படங்களையும் சேர்த்துக் குற்றம் சாட்டினர். புயல் வீசுவதற்கு வளிமண்டல அழுத்தமானியைக் குறைகூறலாகாது எனக் கார்னே பதிலளித்ததாகக் கூறப்படுகிறது. இப்படங்கள் தோல்வியை வரவழைத்தனவா, வரவிருந்ததை முன்னுணர்ந்தனவா என்னும் விவாதம் பின்னரும் தொடர்ந்தது. அதே கதைகளின் நாயகராக நடித்தவரின் போர்க்கால வாழ்க்கை இவ்விவாதத்தில் கவனிக்கத்தக்கது.

ஐக்கிய அமெரிக்காவில்

ஜெர்மானியர் கட்டுப்பாட்டில் இயங்கிய படநிறுவனத்துக்காக நடிக்க விரும்பாத கபேன், 1941 பிப்ரவரியில் பிரான்சை விட்டு வெளியேறினார். ஸ்பெயின், போர்த்துகல் வழியாகக் கப்பலில் நியூ யார்க்கை அடைந்தார். அமெரிக்காவில் மூன்டைட் (1942), த இம்போஸ்டர் (1944) ஆகிய இரண்டு படங்களில் நடித்தார். இரண்டாவது படத்தைத் துவிவியே இயக்கினார். ஆங்கிலத்தில் நடிப்பதும் ஹாலிவுட் முறைகளும் இவருக்குப் பொருந்தவில்லை. ஜெர்மனியில் பிறந்த நடிகை மார்லீன் டீட்ரிக்குடன் இவருக்கு நெருங்கிய உறவு ஏற்பட்டதும் இக்காலத்திலேயாகும்.

போர்க்களத்தில்

1943 இல் கபேன், ஜெனரல் டி கோலின் தலைமையிலான சுதந்திரப் பிரெஞ்சுப் படைகளில் சேர்ந்தார். திரைத்துறையினர் பலர் போல மேடை நிகழ்ச்சிகள் மூலம் பணியாற்ற இவருக்கு வாய்ப்பிருந்தும், கடற்படையில் பணியாற்றுவதையே தெரிந்தெடுத்தார். எரிபொருள் கப்பல் ஒன்றின் பாதுகாப்புக் குழுவில் இடம்பெற்று, தாக்குதலுக்குள்ளான கப்பல் தொடருடன் அல்ஜியர்சை அடைந்தார். பெப்பே ல மோக்கோ வேடத்தில் வெளியேற முடியாமல் மடிந்ததாகக் காட்டப்பட்ட அதே துறைமுகத்துக்கு, ஆறேழு ஆண்டுகளின் பின் இவர் படைவீரராகக் கடல்வழி வந்து சேர்ந்தார்.

அங்கு பயிற்சியாளராகச் சிலகாலம் பணியாற்றியபின், போர்முனைக்கு அனுப்பும்படி வேண்டினார். ஜெனரல் லெக்லேரின் இரண்டாம் கவசப் படைப்பிரிவைச் சேர்ந்த கடற்படைக் கவசப் படையணியில் கவச வாகனம் ஒன்றின் தலைவராக அமர்த்தப்பட்டார். அப்போது இவருக்கு வயது நாற்பது. உடன் பணியாற்றிய வீரர் பலர் இவரைவிட மிக இளையோர். பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள ருவாயான் பகுதியிலும், பின்னர் ஜெர்மனியிலும் நடந்த நடவடிக்கைகளில் பங்கேற்று, 1945 மே மாதத்தில் பெர்ச்டெஸ்காடன்வரை சென்றார். போர்க்களச் சேவைக்காக இவருக்குப் படைத்துறைப் பதக்கமும் போர்ச் சிலுவையும் வழங்கப்பட்டன. 1945 இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது இவரது தலைமுடி நரைத்திருந்தது.

ஒரு பாணியின் முடிவு

போருக்குப் பின் கார்னேயும் பிரெவேரும் கபேனையும் டீட்ரிக்கையும் மனத்திற்கொண்டு லே போர்த் த லா நுயி (இரவின் வாயில்கள்) என்னும் படத்தைத் திட்டமிட்டனர். இருவரும் அதிலிருந்து விலகிக்கொண்டனர். இளம்பாடகர் ஈவ் மோந்தான் கபேனின் இடத்தில் நடித்தார். 1946 இல் வெளியான இப்படம் தோல்வியுற்றது. ஊழ் ஒரு மனித வடிவெடுத்துத் திரையில் உலவுவதாக அமைந்த கதை, போரையும் ஆக்கிரமிப்பையும் நேரில் கண்டிருந்த மக்களைக் கவரவில்லை. கார்னே – பிரெவேர் கூட்டணி இதன்பின் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. அதற்கு மாறாகக் கபேனும் டீட்ரிக்கும் இணைந்து நடித்த மார்த்தேன் ருமாஞ்ஞாக் (1946) படமும் வரவேற்புப் பெறவில்லை. இருவரும் விரைவில் பிரிந்தனர்.

இதனைத் தொடர்ந்த சில ஆண்டுகள் கபேனின் தொழில்வாழ்வில் தளர்ச்சியான காலமாகும். ரெனே கிளெமான் இயக்கிய ஓதலா தே கிரீ (1949) படத்தில், ஜெனோவா துறைமுகத்தில் கரையிறங்கும் தப்பியோடிய குற்றவாளியாக நடித்தார். இது பழைய வேடத்தின் தொடர்ச்சியாக இருந்தது. இப்படம் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் சிறப்பு விருதைப் பெற்றபோதிலும், கபேனுக்குப் பழைய மக்கள் செல்வாக்கை மீட்டுத் தரவில்லை. கார்னேயுடன் லா மரி தியு போர் (1950), லேர் த பாரி (1954) ஆகிய படங்களிலும் பணியாற்றினார்.

மீள் எழுச்சி

1954 இல் ழாக் பெக்கர் இயக்கிய தூஷே பா ஓ கிரிஸ்பி படத்தின் வெற்றி கபேனை மீண்டும் முதல்வரிசைக்குக் கொண்டுவந்தது. ஓய்வுபெற விரும்பும் முதிய திருடனாக இதில் நடித்தார். முன்னாளைய இளம் நாயகன் மடிந்து போவான்; இம்முதியவனோ நண்பனையும் கொள்ளையிட்ட தங்கத்தையும் இழந்தபின்னரும் வாழ்ந்துகொண்டிருப்பான். கபேனின் பிற்காலப் பாத்திரங்கள் பெரும்பாலும் இவ்வழியிலேயே அமைந்தன. காவல்துறை அதிகாரி, தொழிலதிபர், குடும்பத் தலைவர், நீதிபதி, நாட்டின் தலைமை அமைச்சர் முதலிய அதிகாரம் மிக்க வேடங்கள் இவரைத் தேடிவந்தன.

ரெனுவாரின் பிரெஞ்ச் கான்கான், குளோத் ஓத்தான் லாராவின் லா திராவெர்சே த பாரி (1956) ஆகியவை இக்காலத்தின் சிறந்த படங்களுள் அடங்கும். லே மிசெராப்லில் (1958) ழான் வல்ழானாகவும், ஜோர்ஜ் சிமெனோன் படைத்த துப்பறிவாளர் மேக்ரேயாக மூன்று படங்களிலும் நடித்தார். வசனகர்த்தா மிஷேல் ஓதியார் இவருக்கெனப் பல படங்களில் வசனம் எழுதினார். ழான் போல் பெல்மோந்தோவுடன் அன் சேன்ழ் ஆனிவேர் (1962), அலேன் தெலோனுடன் மெலொதி ஆன் சூசோல் (1963) ஆகிய படங்களில் நடித்து, அடுத்த தலைமுறை நடிகர்களுக்கும் துணைநின்றார்.

1950களின் இறுதியில் எழுந்த புதிய அலை இயக்குநர்கள், நிறுவனமயமான பிரெஞ்சுத் திரைப்படத்தைக் கடுமையாக விமர்சித்தனர். கபேனின் பிற்காலப் படங்களுள் பல அவ்விமர்சனத்துக்கு உள்ளாயின. ஆயினும் மக்களிடையே இவரது செல்வாக்கு குறையவில்லை.

குடும்பமும் பண்ணை வாழ்க்கையும்

கபேன் மூன்று முறை திருமணம் செய்தார். நடிகை காபி பசேயுடனான முதல் மணமும் அடுத்த மணமும் மணமுறிவில் முடிந்தன. 1949 இல் தொமினிக் பூர்னியேயை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர்.

1950களில் நோர்மாண்டிப் பகுதியில் லா பிஷோனியேர் என்னும் பண்ணையை வாங்கி, கால்நடைகளையும் பந்தயக் குதிரைகளையும் வளர்த்தார். 1962 சூலை மாத இறுதியில் ஏறத்தாழ 700 உழவர்கள் இரவில் இப்பண்ணையைச் சூழ்ந்துகொண்டனர். நிலத்தின் ஒரு பகுதியை இளம் உழவர்களுக்குக் குத்தகைக்கு விடவேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. தம்மை உழவராகவே கருதிவந்த கபேனை இந்நிகழ்வு பெரிதும் புண்படுத்தியது. திரையில் உழைக்கும் மக்களின் அடையாளமாக விளங்கியவர், நிலவுடைமையாளராக அம்மக்களின் எதிர்ப்பைச் சந்திக்க நேர்ந்தது.

மறைவு

1976 இல் வெளியான லான்னே சேந்து கபேனின் இறுதிப் படமாகும். அவ்வாண்டு ஏப்ரலில் நடைபெற்ற முதலாவது செசார் விருது விழாவுக்கு இவர் தலைமை தாங்கினார். 1976 நவம்பர் 15 ஆம் நாள் பாரிசுக்கு அண்மையிலுள்ள நெய்யி நகரின் அமெரிக்க மருத்துவமனையில் தமது 72 ஆவது வயதில் காலமானார். இவரது விருப்பப்படி உடல் எரியூட்டப்பட்டது. சாம்பல், பிரெஞ்சுக் கடற்படையின் தெத்ருவாயா என்னும் கப்பலில் கொண்டு செல்லப்பட்டு, பிரெஸ்டுக்கு அப்பால் கடலில் தூவப்பட்டது.

விருதுகள்

* 1951 – வெனிஸ் திரைப்பட விழா, சிறந்த நடிகர் (லா நுயி ஏ மோன் ருவாயோம்)
* 1954 – வெனிஸ் திரைப்பட விழா, சிறந்த நடிகர் (தூஷே பா ஓ கிரிஸ்பி, லேர் த பாரி)
* 1959 – பெர்லின் திரைப்பட விழா, சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி (ஆர்க்கிமேத் ல குளொஷார்)
* 1971 – பெர்லின் திரைப்பட விழா, சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி (ல ஷா)

தாக்கம்

கவித்துவ யதார்த்தவாதப் படங்கள் எண்ணிக்கையில் குறைவே. அவற்றுள் தலைசிறந்தவை ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குள் எடுக்கப்பட்டவை. எனினும் 1940களின் அமெரிக்கக் கறுப்புத் திரைப்படங்களில் இவற்றின் சாயலைக் காணலாம். ல ஜூர் ச லேவ் படம் 1947 இல் த லாங் நைட் என்னும் பெயரில் ஹாலிவுட்டில் மீண்டும் எடுக்கப்பட்டது. அப்போது மூலப்படத்தின் படிகளை அழிக்க முயற்சி நடந்தும், அது பிழைத்து வந்தது. ரெனுவாரிடம் உதவியாளராக இருந்த இத்தாலிய இயக்குநர் லுக்கீனோ விஸ்கொந்தி வழியாக இத்தாலிய நவ யதார்த்தவாதத்துடனும் இப்பாணிக்குத் தொடர்பு உண்டு.

கபேனின் நினைவாக மெரியேலில் அமைக்கப்பட்ட அருங்காட்சியகம் 1992 இல் திறக்கப்பட்டது.

குறிப்பிடத்தக்க திரைப்படங்கள்

* லா பாண்டேரா (1935)
* லா பெல் எக்கீப் (1936)
* பெப்பே ல மோக்கோ (1937)
* லா கிராண்ட் இலூசியோன் (1937)
* ல கே தே புரூம் (1938)
* லா பேத் யூமேன் (1938)
* ல ஜூர் ச லேவ் (1939)
* ரெமோர்க் (1941)
* தூஷே பா ஓ கிரிஸ்பி (1954)
* லா திராவெர்சே த பாரி (1956)
* அன் சேன்ழ் ஆனிவேர் (1962)
* ல ஷா (1971)